படைவீரரின் நோயை நிரூபிக்க வேண்டியவர் யார்?

போர்முனையில் காலை இழந்த வீரருக்கு அரசு ஓய்வூதியம் தர வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. குண்டு பாய்ந்த தழும்பு தானே சாட்சி சொல்லிவிடும். ஆனால், பதினேழு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, நாள்தோறும் நெற்றியிலும் கன்னத்திலும் வலியோடு ஊர் திரும்பும் ஒருவருக்கு அப்படிப்பட்ட சாட்சி கிடையாது. சைனஸ் தொல்லை, நாள்பட்ட மூக்கடைப்பு, ஆஸ்துமா, காதில் சீழ், மந்தமான செவித்திறன் ஆகியவை ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் வரக்கூடியவை. அதனாலேயே, 'இது பணியால் வந்தது' என்று ஒரு வீரர் சொல்லும்போது, 'அதை எப்படி நம்புவது?' என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதைச் சுற்றியே, இந்தியாவில் இயலாமை ஓய்வூதியம் தொடர்பான வழக்குகளில் பெரும்பகுதி நடந்துகொண்டிருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்து வசித்து வருகிறேன். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர்கள் மிகுந்து வாழும் பகுதிகளில் வேலூர் வட்டாரமும் ஒன்று. மலையடிவாரத்தில் போளூர், செங்கம், திருப்பத்தூர் பக்கத்து ஊர்களிலும், ஓரளவு மலைமேல் உள்ள சிற்றூர்களிலும் ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் அலுவலகக் கடிதங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருப்பதால், படித்துப் பொருள் சொல்லும்படி சிலர் என்னிடம் கொண்டுவருவது வழக்கம். சில ஆண்டுகளில் அப்படி நான் படித்த கடிதங்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: நோய் 'பணியால் விளைந்ததும் அன்று, பணியால் தீவிரமடைந்ததும் அன்று'.

அவற்றுள் ஒன்று, நாயக் நிலையில் ஓய்வுபெற்ற ஒருவருடையது. லடாக்கிலும் ராஜஸ்தானிலும் பணியாற்றியவர். ராணுவ மருத்துவமனையில் இருமுறை சைனஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இடக்காது சரியாகக் கேளாதவர். ஓய்வுபெறும்போது கூடிய மருத்துவ வாரியம் அவருடைய சைனஸ் பாதிப்பை 15 முதல் 19 சதவீதம் என மதிப்பிட்டு, 'அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது தோன்றிய நோய்' என்ற ஒற்றை வரிக் காரணத்துடன் கோரிக்கையை முடித்துவிட்டது. கடிதத்தின் பொருளை நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "சார், ஆர்மியில சேரும்போது மூக்கு, காது எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதினது அவங்க டாக்டர்தானே?"

சட்டம் படிக்காத ஒருவர் கேட்ட இந்தக் கேள்விதான் சட்டத்தின் மையக் கேள்வி. அதை உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ இதே பொருளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதும், அப்படியிருந்தும் கடிதங்களின் வாசகம் மாறவில்லை என்பதும்தான் இக்கட்டுரையின் பொருள்.

சாதாரண நோயா சைனஸ்?

முகத்து எலும்புகளுக்குள் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. நெற்றியிலும் கன்னங்களிலும் கண்களுக்கிடையிலும் மூக்கின் பின்புறத்திலும் அமைந்த இவை, குறுகிய வாய்கள் வழியே மூக்கினுள் திறக்கின்றன. உட்சவ்வு வீங்கினால் அந்த வாய்கள் அடைபடும். உள்ளே சளி தேங்கிக் கிருமிகள் பெருகும். இந்நிலை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்கிறார்கள் மருத்துவர்கள். மூக்கையும் நடுச்செவியையும் ஒரு குழாய் இணைப்பதால் காதும், மூச்சுப்பாதை தொடர்ச்சியானது என்பதால் நுரையீரலும் பாதிப்புக்கு உள்ளாகலாம். தூக்கம் கெடுவதும், நாட்பட்ட தலைவலியும் இதன் கிளைகள்.

ராணுவ வாழ்க்கையில் இந்தச் சவ்வை எரிச்சலூட்டும் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. உயர்மலைக் காவல் நிலைகளில் உலர்ந்த கடுங்குளிர்; கூடாரத்துக்குள் சூடேற்ற எரியும் மண்ணெண்ணெய் அடுப்பின் புகை; பாலைவனத்தில் புழுதி; விமானப் பணியிலும் கடலடிப் பணியிலும் காற்றழுத்தம் மாறிக்கொண்டே இருப்பது. பீரங்கிப் பிரிவில் இருப்பவர்களுக்குச் செவித்திறன் குறைவது தனிக்கதை. மறுபுறம், விறகடுப்புப் புகையும் மார்கழிப் பனியும் உள்ள எங்கள் மலைக் கிராமங்களில் ராணுவத்தையே பார்க்காத பெண்களுக்கும் இதே நோய் இருக்கிறது. ஆகவே, 'ஊரிலேயே இருந்திருந்தாலும் வந்திருக்கும்' என்று ஒரு மருத்துவர் கருதினால், அது முழுவதும் அபத்தமான கருத்து என்று சொல்லிவிட முடியாது. ஒரு தனிமனிதரின் உடலில் எந்தப் பனி, எந்தப் புகை நோயைத் தொடங்கி வைத்தது என்பதை எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. அறிவியல் விடை சொல்ல முடியாத இடத்தில், ஐயம் யாருக்குச் சாதகமாகத் தீர வேண்டும் என்பதை விதி முடிவு செய்தாக வேண்டும்.

விதி சொல்வது என்ன?

இயலாமை ஓய்வூதியத்துக்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, நோயோ ஊனமோ ராணுவப் பணியால் விளைந்ததாகவோ, ஏற்கெனவே இருந்தது பணியால் தீவிரமடைந்ததாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் உள்ள 173-ஆவது விதி இதைத்தான் கூறுகிறது.

முதல் நிபந்தனையை எப்படித் தீர்மானிப்பது என்பதை 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகள் விளக்கின. ஒருவர் பணியில் சேரும்போது ஆவணங்களில் குறிக்கப்பட்ட குறைபாடுகளைத் தவிர, மற்றபடி நல்ல உடல்நிலையில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றது 5-ஆவது விதி. உரிமையை நிரூபிக்கும்படி கோரிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது. நியாயமான ஐயத்தின் பலன் அவருக்கே சேர வேண்டும். களப்பணியில் இருந்தவர்களுக்கு அதை இன்னும் தாராளமாக வழங்க வேண்டும் என்றது 9-ஆவது விதி. சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னர் பணி விலகலுக்குக் காரணமானால், அது பணிக்காலத்தில் தோன்றியதாகவே கருதப்படும். சேர்க்கைப் பரிசோதனையில் கண்டறிந்திருக்க முடியாத நோய் என்று மருத்துவர்கள் கருதினால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்றது 14-ஆவது விதி. இந்த விதிகளின் இணைப்பில், தட்பவெப்பத்தால் பாதிக்கப்படும் நோய்களின் பட்டியலில் மூச்சுக்குழல் அழற்சியும் நடுச்செவி அழற்சியும் இடம்பெற்றன. மூக்குக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் உள்ள நோய்களைக் குளிரும் வெப்பமும் பாதிக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருந்தது.

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை ஒருசேரப் படித்துத் தீர்ப்பளித்தது. சேர்க்கையின்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னர் வந்த நோய் பணியோடு தொடர்புடையது என்ற அனுமானம் வீரருக்குச் சாதகமாக எழும். அதை மறுக்கும் பொறுப்பு அரசுடையது. மருத்துவ வாரியம் காரணம் கூறாமல் 'தொடர்பில்லை' என்று மட்டும் எழுதினால் அது போதாது என்பதே அதன் சாரம். 2025-இல் பிஜேந்தர் சிங் வழக்கில், 1989-ஆம் ஆண்டிலேயே பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவருக்கு இதே கோட்பாட்டின்படி உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் வழங்க ஆணையிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம், நோய் அமைதிப் பகுதியில் தோன்றியது என்பது மட்டுமே கோரிக்கையை மறுக்கக் காரணமாகாது. பணி காரணமில்லை என்றால் வேறு எது காரணம் என்று வாரியம் சொல்ல வேண்டும் என்றது. ஜூலையில், தீர்ப்பாயம் வீரர்களுக்குச் சாதகமாக அளித்த ஆணைகளை எதிர்த்து மத்திய அரசு தொடுத்திருந்த சுமார் 300 மனுக்களை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

சட்டம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனநோய் பணிக்காலத்தில் வெளிப்பட்டது என்பதாலேயே பணியால் விளைந்ததாகக் கொள்ள முடியாது. ஒவ்வொரு வழக்கையும் தனித்தே ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விதிகளும் மாறின. 2008-ஆம் ஆண்டின் விதிகள், நோய் பணிக்காலத்தில் தோன்றியது என்ற ஒன்றே உரிமையை நிலைநாட்டாது என்று தெளிவாக்கின. 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், நோய்களை மதிப்பிடும் முறையை மேலும் இறுக்கின. ஒருவர் எந்த ஆண்டில் பணியிலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்தே அவருக்குரிய விதியும் அமைகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது தமக்கும் அப்படியே கிடைக்கும் என்று நம்பி ஏமாறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

20 சதவீதம் என்னும் செங்குத்துச் சரிவு

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை அதிகம் சிந்திக்க வைப்பது இரண்டாவது நிபந்தனைதான். ஓர் எடுத்துக்காட்டு. கடைசியாகப் பெற்ற கணக்கிடத்தக்க ஊதியம் மாதம் ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத இயலாமைக்கு உரிய கூறு அதில் 30 சதவீதம், அதாவது ரூ.12,000. இயலாமை 20 சதவீதம் என்றால் அதற்கேற்ப ரூ.2,400. ஆனால், ஐந்தாவது ஊதியக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2001 ஜனவரி 31-இல் வெளியான அரசாணை, 50-க்குக் குறைந்த இயலாமையை 50 எனவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 எனவும், அதற்கு மேற்பட்டதை 100 எனவும் உயர்த்திக் கணக்கிட வகை செய்தது. படைவீரர்கள் 'ரவுண்ட் ஆஃப்' என்று சொல்வது இதைத்தான். முதலில் நோயால் இடையில் விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்த இச்சலுகை, 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கின் தீர்ப்பால் பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உரியதாயிற்று.

விளைவு என்ன? நமது எடுத்துக்காட்டில் 20 சதவீதம் பெற்றவருக்கு மாதம் ரூ.6,000, அதற்குமேல் அகவிலைப்படி. 49 சதவீதம் பெற்றவருக்கும் அதே ரூ.6,000. ஆனால், 19 சதவீதம் பெற்று ஓய்வுபெறுபவருக்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு சதவீதப் புள்ளியில் ஆண்டுக்கு ரூ.72,000 வேறுபாடு. மூக்கடைப்பை 19 என்றும் 20 என்றும் பிரித்தறியும் கருவி எந்த மருத்துவமனையிலும் இல்லை. அளவீட்டில் இல்லாத துல்லியத்தை ஓய்வூதிய விதி எதிர்பார்க்கிறது. இத்தகைய சரிவு எங்கிருந்தாலும் இருபுறமும் இழுப்பு ஏற்படும். கோட்டுக்குக் கீழே நிறுத்தும் போக்கு ஒரு பக்கம். எப்படியாவது கோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்ற முனைப்பு மறுபக்கம். வழக்குகள் பெருகுவதற்கு மனிதர்களின் குணத்தைக் காட்டிலும் விதியின் வடிவமே பெரிய காரணம்.

சைனஸ் போன்ற நோய்களுக்கு இது மேலும் பொருந்தும். தனியே பார்த்தால் அவை பெரும்பாலும் கோட்டை எட்டுவதில்லை. காதுக் குறைபாடு, ஆஸ்துமா ஆகியவற்றோடு சேர்த்து மதிப்பிட்டால் எட்டக்கூடும். கூட்டு மதிப்பீடு என்பது எண்களைச் சும்மா கூட்டுவதன்று. ஆனால், ஒவ்வொரு நோயையும் தனித்தனியே பதிவு செய்தால்தான் கூட்டுவதற்கே எதுவும் இருக்கும். நான் குறிப்பிட்ட நாயக்கின் ஆவணத்தில் காது பற்றிய பேச்சே இல்லை.

முறையீட்டின் படிகள்

ஓய்வுபெறும் முன் கூடும் மருத்துவ வாரியத்தின் அறிக்கையே எல்லாவற்றுக்கும் அடிப்படை. கோரிக்கை மறுக்கப்பட்டால், ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுத வேண்டும். அங்கும் மறுத்தால், மீண்டும் ஆறு மாதங்களுக்குள் ஓய்வூதியத்துக்கான இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். அதற்குப் பிறகு, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நீதித்துறையைச் சார்ந்த ஓர் உறுப்பினரும், படையில் உயர்பதவி வகித்த ஓர் உறுப்பினரும் அமர்ந்து விசாரிப்பர். தீர்ப்பாயத்துக்கு மேலே உச்ச நீதிமன்றம் செல்லலாம். உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணை அதிகாரம் இதனால் பறிபோகவில்லை என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

காலம் கடந்தவர்களுக்குக் கதவு முழுவதும் அடைக்கப்பட்டுவிடவில்லை. ஓய்வூதியம் மாதந்தோறும் மறுக்கப்படுவது தொடரும் தவறு என்பதால் தாமதமாக வந்த கோரிக்கையையும் ஏற்கலாம். ஆனால், நிலுவைத் தொகையை வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு வரையறுக்கலாம் என்று 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பதினைந்து ஆண்டுகள் தயங்கியவர், வென்றாலும் பன்னிரண்டு ஆண்டுப் பணத்தை இழக்க நேரிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பணியிலிருந்து வந்து 15 ஆண்டுகளுக்குப் பின், பணி ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்ட நிலையில் கோரிக்கை வந்தால், நிரூபிக்கும் பொறுப்பு கோரிக்கையாளரையே சேரும் என்கின்றன 2008-ஆம் ஆண்டு விதிகள். காலம் செல்லச் செல்ல, விதி தந்த பாதுகாப்பும் கையை விட்டு நழுவுகிறது.

மலையில் வாழ்பவருக்கு இந்தப் படிகள் ஒவ்வொன்றும் செலவு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் திருவண்ணாமலை வரை இறங்க வேண்டும். முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனைக்கு வேலூர் போக வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்கச் சென்னை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போகிறது. சில நேரம் இரண்டு நாள். கிடைக்கக்கூடிய தொகை சிறியது, செலவு உடனடியானது, முடிவு நிச்சயமற்றது என்றால், பகுத்தறிந்து முடிவெடுக்கும் ஒருவர் முறையிடாமலேயே இருந்துவிடுவார். அப்படி இருந்துவிட்டவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளை மட்டும் எண்ணி இந்தச் சிக்கலின் அளவைக் கணிப்பது தவறாகப் போவது இதனால்தான்.

அரசின் கவலையும் உண்மையே

இந்தப் பிரச்சினைக்கு மறுபக்கம் இருக்கிறது. ஓய்வுபெறும் அதிகாரிகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரும், பிற நிலைகளில் ஓய்வுபெறுபவர்களில் 18 சதவீதம் வரையிலும் இயலாமை ஓய்வூதியம் பெறுவதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023-இல் சுட்டிக்காட்டியது. அவற்றில் கணிசமான பகுதி உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற வாழ்க்கைமுறை நோய்கள் சார்ந்தவை. மேசைப் பணியில் இருந்த அதிகாரி ஓய்வுக்குச் சற்று முன் ரத்த அழுத்தத்தைக் காட்டி ஓய்வூதியம் பெறுவது, பனிமலையில் விரல் இழந்த சிப்பாயின் தியாகத்தை மலிவாக்குகிறது என்று படைத் தலைமையே வருந்தியது. 2023-ஆம் ஆண்டு விதிகள் அந்த வருத்தத்தின் பிள்ளை. பொதுப்பணத்துக்குக் காவல் இருப்பது அரசின் கடமை. அதில் குறைகாண எனக்கு எதுவுமில்லை.

ஆனால், மேலே சொன்ன எண்களையே இன்னொரு முறை பாருங்கள். அதிகாரிகளின் விகிதம் சிப்பாய்களின் விகிதத்தைப் போல் இருமடங்கு. பனியிலும் புழுதியிலும் அதிக நாள் கிடப்பவர் சிப்பாய். ஓய்வூதியம் அதிக விகிதத்தில் பெறுபவர் அதிகாரி. அதிகாரிகள் அதிக வயது வரை பணியில் இருக்கிறார்கள் என்பது இதை ஓரளவு விளக்கும். விதியைப் படிக்கவும், மருத்துவரிடம் கேள்வி கேட்கவும், மேல்முறையீடு எழுதவும் யாரால் முடிகிறது என்பது எஞ்சியதை விளக்கும் என்பது என் கருத்து. நிரூபிக்கும் பொறுப்பை வீரர்மீது ஏற்றி விதியை இறுக்கினால், முதலில் வெளியேற்றப்படுபவர் விதியைப் பயன்படுத்தத் தெரிந்தவராக இருக்க மாட்டார். படிப்பும் துணையும் குறைந்தவராகவே இருப்பார்.

எந்தத் தேர்வு முறையிலும் இரண்டு வகைத் தவறுகள் உண்டு. தகுதியற்றவருக்குக் கொடுத்துவிடுவது ஒன்று. தகுதியுள்ளவருக்கு மறுத்துவிடுவது மற்றொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தத் தவறின் சுமையை யார் தாங்க முடியும் என்று பார்த்தே பொறுப்பைப் பகிர வேண்டும். சேர்க்கைப் பரிசோதனை அறிக்கை, பணியிட வரலாறு, மருத்துவமனைப் பதிவேடு ஆகிய அனைத்தும் இருப்பது அரசின் கையில். ஆதாரம் யாரிடம் இருக்கிறதோ அவரே நிரூபிப்பதுதான் செலவு குறைந்த வழி. 1982-ஆம் ஆண்டு விதிகளின் பின்னால் கருணை மட்டும் இல்லை. இந்தக் கணக்கும் இருந்தது.

பிற நாடுகள் கண்ட வழி

அமெரிக்காவில் சைனஸ் நோய்க்கே தனி வரலாறு உண்டு. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் முகாம்களின் கழிவுகளைத் திறந்தவெளிக் குழிகளில் கொட்டி எரித்தனர். அப்புகையையும் புழுதியையும் சுவாசித்த வீரர்கள் ஊர் திரும்பிய பின் சைனஸ் அழற்சி, நாசி அழற்சி, ஆஸ்துமா ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்டபோது, 'புகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டு' என்று திருப்பி அனுப்பப்பட்டனர். 2021 ஆகஸ்டில் இந்த மூன்று நோய்களும், குறிப்பிட்ட பகுதிகளில் பணியாற்றியவர்களுக்குப் பணியால் வந்தவை என்றே அனுமானிக்கப்படும் என்ற விதி வந்தது. 2022 ஆகஸ்ட் 10-இல் கையெழுத்தான 'பேக்ட்' சட்டம் அந்தப் பட்டியலை மேலும் விரிவாக்கியது. இன்ன இடத்தில் பணியாற்றினார், இன்ன நோய் இருக்கிறது என்று காட்டினால் போதும். இரண்டையும் இணைக்கும் மருத்துவச் சான்றை வீரர் தேடி அலைய வேண்டியதில்லை.

பாதிப்பை மதிப்பிடுவதிலும் அங்கே ஒரு தெளிவு இருக்கிறது. ஓராண்டில் எத்தனை முறை நோய் முற்றியது, அதில் எத்தனை முறை நான்கு முதல் ஆறு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்பட்டது, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் தொடர்கிறதா என்பவற்றைக் கொண்டு சைனஸ் பாதிப்புக்கு 0, 10, 30, 50 எனச் சதவீதம் தருகிறார்கள். 10 சதவீதத்துக்கும் சிறு தொகை உண்டு. ஆகவே நம் நாட்டில் உள்ள செங்குத்துச் சரிவு அங்கே அவ்வளவு ஆழமில்லை. 2019 பிப்ரவரி முதல், மறுக்கப்பட்டவர் புதிய ஆதாரத்துடன் மீண்டும் கோரலாம்; மூத்த அலுவலரின் மறுபரிசீலனை கேட்கலாம்; மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம் என மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. அங்கும் தாமதமும் குறைகளும் இல்லாமல் இல்லை. பிரிட்டனோ எதிர்த்திசையில் நகர்ந்தது: 2005 ஏப்ரலுக்குப் பிந்தைய பணியால் வரும் பாதிப்புகளுக்கு, நிகழ்தகவு எந்தப் பக்கம் அதிகம் என்ற அளவுகோலில் வீரரே நிறுவ வேண்டும் என்று திட்டத்தை மாற்றியது. எந்த முறையைத் தேர்வது என்பது ஒவ்வொரு நாடும் எடுக்க வேண்டிய அரசியல் முடிவு.

அக்னிவீரர்களுக்கு என்ன?

இம்மலையிலிருந்து இனி படைக்குப் போகும் இளைஞர்களுக்கு இந்தக் கேள்வி வேறு வடிவில் வரும். 2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்து வெளியேறுபவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. பணியால் விளைந்த அல்லது தீவிரமடைந்த இயலாமைக்கு 50, 75, 100 சதவீத நிலைகளில் முறையே 15, 25, 44 லட்சம் ரூபாய் ஒருமுறை கருணைத்தொகை வழங்கப்படும். குளிரில் தொடங்கும் மூக்குநோய் நான்கு ஆண்டுக்குள் முற்றிவிட வேண்டும் என்ற கட்டாயமில்லை. மெதுவாக வளரும் நோய்களுக்கு, வெளியேறும் நாளில் எடுக்கும் ஒற்றை மதிப்பீடு பொருந்துமா என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

பணியில் இருப்பவர்களும் ஓய்வை நெருங்குபவர்களும் சிலவற்றை நினைவில் கொள்வது நல்லது. மருத்துவ வாரியப் படிவத்தில், 'படையில் சேருமுன் இந்த நோய் இருந்ததா?' என்ற கேள்வி வரும். சிறுவயதில் வந்த சளியை நினைத்து யோசியாமல் 'ஆம்' என்று எழுதினால், அதுவே பிற்காலத்தில் மறுப்புக்கு ஆதாரமாகும். உண்மையை எழுதுங்கள், ஆனால், கேள்வியைப் புரிந்துகொண்டு எழுதுங்கள். மூக்கு, காது, மூச்சு என ஒவ்வொரு தொல்லையையும் தனித்தனியே பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தரும் சீட்டுகள், பணியிட மாறுதல் ஆணைகள், வாரிய அறிக்கை ஆகியவற்றின் படிகளை வீட்டில் வையுங்கள். கிடைக்காதவற்றை 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆவண அலுவலகத்திடம் கேட்கலாம். ஆறு மாதக் கெடுவை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் 'எனக்குக் கஷ்டம்' என்று எழுதுவதைவிட, எந்த ஆண்டில் எந்த இடத்தில் முதன்முதலில் சிகிச்சை பெற்றேன், சேர்க்கையின்போது என்ன எழுதப்பட்டது, வாரியம் என்ன காரணம் கூறத் தவறியது என்று எழுதுவதே பயன்தரும். தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26-இல் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம், படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி தருவதை நோக்கமாகக் கொண்டது. அதைக் கேட்டுப் பெறலாம்.

அரசு செய்ய வேண்டியவற்றில் முதலாவது, மருத்துவ வாரியம் காரணத்தை எழுதும் பழக்கம். 'தொடர்பில்லை' என்று எழுதும் இடத்தில், வீரரின் பணியிட வரலாற்றை இணைத்து, ஏன் தொடர்பில்லை என்பதை நான்கு வரி எழுதினால் பாதி வழக்குகள் எழாது. எழுகிற வழக்குகளிலும் அரசின் தரப்பு வலுப்பெறும். இரண்டாவது, சைனஸ், ஆஸ்துமா, செவிக்கோளாறு போன்றவற்றுக்கு, உயர்மலை, பாலைவனம், பீரங்கி, விமானப் பணி என இடமும் பணியும் சார்ந்த அனுமானப் பட்டியல். யார் எங்கே எத்தனை மாதம் இருந்தார் என்பது ராணுவத்திடம் இருக்கும் தகவல்தான். மேசைப் பணியின் ரத்த அழுத்தத்தையும் பனிமலையின் மூச்சுநோயையும் பிரித்தறிய, எல்லோர்மீதும் ஐயம் கொள்வதைவிட இது நேர்மையான வழி. மூன்றாவது, 20 சதவீதச் சரிவைச் சமன்படுத்துவது. 10 முதல் 19 வரை உள்ளவர்களுக்குச் சிறு தொகையும், மேலே உள்ளவர்களுக்குப் படிப்படியான உயர்வும் என்று மாற்றினால், மொத்தச் செலவு பெரிதாகக் கூடாமலேயே வழக்குக்கான தூண்டுதல் குறையும். நான்காவது, தீர்ந்துபோன சட்டப் பிரச்சினைகளில் மேல்முறையீட்டைக் கைவிடுவது. மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 2015-இல் அமைத்த நிபுணர் குழு இதைத்தான் பரிந்துரைத்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கணக்கான மனுக்கள் மொத்தமாகத் தள்ளுபடியாகின்றன என்றால், அப்பரிந்துரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

மாநில அரசின் கையிலும் ஒன்று உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜமுனாமரத்தூரில் முகாம் நடத்தலாம். ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் விளக்கவும், மேல்முறையீட்டை எழுதிக் கொடுக்கவும் ஓர் அலுவலர், காதையும் மூக்கையும் பரிசோதிக்க ஒரு மருத்துவர், சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்தால் போதும். ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன் மலை என்று மற்ற மலைகளுக்கும் இது பொருந்தும்.

நான் குறிப்பிட்ட நாயக்கின் முதல் மேல்முறையீடு போன மாதம் அனுப்பப்பட்டது. அதில் காது பற்றிய மருத்துவச் சீட்டையும், சேர்க்கையின்போது அவர் முழுத் தகுதியுடன் இருந்ததைக் காட்டும் பக்கத்தையும் இணைத்திருக்கிறோம். அவருக்கு ஓய்வூதியம் கிடைக்குமா என்பதை உரிய குழு தீர்மானிக்கட்டும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதி மறுக்கட்டும் என்பதே கோரிக்கை. இளைஞர் ஒருவரை நல்ல உடல்நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட அரசு, அவரை நோயாளியாகத் திருப்பி அனுப்பும்போது அதற்கான விளக்கத்தைத் தரக் கடமைப்பட்டிருக்கிறது.